தலையில ஒட்டுன சொல்லு

முடியில சோறு தின்ன ஊரு ஒண்ணு இருந்துச்சு, நம்புனா ஒக்காந்து கேளு, நம்பாட்டி எந்திரிச்சுப் போ, போறவன தடுத்து நிறுத்தி கதை சொல்ற அளவுக்கு இங்க ஒண்ணும் வேலை இல்லாமக் கெடக்கல. ஊருப் பேரு எருக்கலாம்பட்டி. நாட்டுல எவ எந்த மூலையில தலை வாரி உதுத்தாலும், அந்த முடிய ஒருத்தன் பிளாஸ்டிக் குடமும் பலூனும் குடுத்து வாங்கி, மூட்டை கட்டி, லாரி ஏத்தி, கடைசியில கொண்டாந்து கொட்டுறது இங்கதான். பந்து பந்தா, எண்ணெயும் அழுக்கும் பேனும் ஈருமா வந்து எறங்குற அந்தச் சிக்குமுடிய எம்பது பொம்பளைங்க தகரக் கொட்டாயில வரிசையா ஒக்காந்து, நீள ஊசியால குத்திப் பிரிச்சு, ஆணி அடிச்ச பலகையில இழுத்து நீவி, கட்டுக் கட்டி அனுப்புனா, அது கடல் தாண்டிப் போயி எவனோ ஒரு வழுக்கையன் தலையில ஏறி ஒக்காந்துக்கிட்டு கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போகும். அந்த ஊர்ல சோத்துல முடி கெடந்தா யாரும் தட்டத் தள்ள மாட்டாங்க. முடி இல்லாட்டித்தான், "ஏன், இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"ன்னு கேப்பாங்க.

அந்தக் கொட்டாயிலயே வேகமான கை வெள்ளத்தாயி கை. அவ கைபட்டா சிக்கு பயந்துக்கிட்டு தானா அவுந்துக்கும். புதுசா வர்ற பிள்ளைகளுக்கு அவ சொல்லிக் குடுக்குற பாடம் ஒண்ணே ஒண்ணுதான்: "வேரைப் பிடிச்சு இழுக்காத, நுனியில இருந்து எடு." கை இப்படின்னா வாயி இன்னும் வேகம். பக்கத்துல இருக்கவ "நேத்து..."ன்னு வாயத் தொறந்தா போதும், "நேத்து ஒன் மாமியா வந்தா, கருவாட்டுக் கொழம்ப நக்குனா, ஒன்னையத் திட்டுனா, பஸ் ஏறிட்டா, அதானே?"ன்னு இவ முடிச்சிருவா. பாதி ஊருக்குப் பேச்ச முடிச்சு வச்ச புண்ணியவதி.

அப்படிப்பட்டவ வயித்துல பொறந்த ஒத்தப் பிள்ளை ரூபிகாவுக்கு நாக்கு மட்டும் மேடேறுற மாட்டுவண்டி. ஏழாங்கிளாஸு. அப்பன் லாரியோட வடக்க போயிட்டு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்றவன். பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழ தொங்குற முடி, வாயில ஒரு சொல்லு. அந்தச் சொல்லு முக்கி முனகி வெளிய வர்றதுக்குள்ள பெல்லே அடிச்சிரும். சிரிப்பு வருதா? சிரிச்சுக்க. ஒன் சிரிப்பும் எங்கயாவது போயி ஒட்டத்தான் போகுது.

ஆடி மாசம் ஒரு செவ்வாக்கிழமை, மூணாவது பீரியடு, எந்திரிச்சுப் பாடத்த வாசின்னாங்க. "க... க... க..."ன்னு ரூபிகா நின்னா. பின் பெஞ்சுல தர்ஷிகான்னு ஒருத்தி, கொட்டாய் மேஸ்திரி அன்னக்கொடி மக, நல்ல கெட்டிக்காரி, எதுலன்னு கேக்காத. அவ சொன்னா: "டீச்சர், வண்டி ஸ்டார்ட் ஆகல, எறங்கித் தள்ளுவமா?" வகுப்பே சிரிச்சுச்சு. டீச்சரும் புத்தகத்தால வாய மூடிக்கிட்டாங்க. அப்பத்தான் அந்தச் சொல்லு தர்ஷிகா வாயில இருந்து கெளம்பி, ஃபேனுக்கு அடியில ஒரு சுத்து சுத்தி, நேரா வந்து ரூபிகாவோட இடது காதுக்குப் பின்னால ஒட்டுமுள்ளுக் காயா ஒட்டிக்கிச்சு. ஆட்டு வாலுல, வேட்டி ஓரத்துல பிடிச்சுக்கிட்டு வீடு வரைக்கும் வருமே, அந்தக் காயிதான். டீச்சர் பாத்தாங்க. "சரி ஒக்காரு. அடுத்து யாரு?"ன்னாங்க. அவ்வளவுதான்.

சாயங்காலம் தலை வாரும்போது வெள்ளத்தாயி விரல்ல அது குத்துச்சு. நசுக்குனா. "வண்டி ஸ்டார்ட் ஆகல, எறங்கித் தள்ளுவமா?"ன்னு காயி பேசுச்சு, தர்ஷிகா கொரல்லயே, அவ மூக்கடைப்பும் சேத்து. வெள்ளத்தாயி அசரல. முடிக்குள்ள அவ என்னென்னமோ பாத்தவ: தாயத்து, கம்மல் திருகாணி, ஒருவாட்டி ஒரு ஆளோட கடவாப்பல்லு. "சின்னக் கழுதைக்கு வாயப் பாரு"ன்னு சொல்லி வெடுக்குன்னு பிச்சு வாசல்ல எறிஞ்சா.

காலையில அதே எடத்துல ரெண்டு இருந்துச்சு.

ரெண்டையும் பிச்சா, நாலு. அதுக்குள்ள பள்ளிக்கூடத்துல புதுசாவும் ஒட்டுச்சு. திக்கிப் பேசுறதுக்கு ஒண்ணு, பேசாம இருக்கறதுக்கு ஒண்ணு, அழுததுக்கு ஒண்ணு, அழாம நின்னதுக்கு "திமிரப் பாரு"ன்னு ஒண்ணு. பயலுக அத வெளையாட்டாவே ஆக்கிட்டானுக. காதோரம் ஒட்டுனா ஒத்தை, உச்சியில ஒட்டுனா ரெட்டை. எந்தச் சொல்லு நல்லா ஒட்டுது, எது வழுக்கி விழுதுன்னு ஒருத்தன் நோட்டே போட்டான். கணக்குப் பாடத்துல அந்த அக்கறை காமிச்சிருந்தா கலெக்டராயிருப்பான்.

ஊரு என்ன செஞ்சுச்சுன்னு கேளு. ஊருக்கு அது ரெண்டு நாள்ல பழகிப் போச்சு. பஸ்ஸுல பக்கத்துல நின்ன அக்காமாரு சேலையில முள்ளு மாட்டுதுன்னு கண்டக்டர், "ஏ முள்ளம்பன்னி, பின்னாடி படிக்கிட்டப் போயி நில்லு"ன்னாரு, அவரு பங்குக்கு அது ஒண்ணு ஒட்டுச்சு. ஆஸ்பத்திரி நர்சம்மா பேன் மருந்து ஒரு பாட்டில் குடுத்து, "சுத்தமா இருக்கத் தெரியாத சென்மம்"னு சொல்லுச்சு, அது ஒண்ணு. கோயில் பூசாரி மஞ்சத் தண்ணி தெளிச்சாரு, டீக்கடைக்காரரு சீமெண்ணெய் தடவச் சொன்னாரு, பக்கத்து வீட்டுக்காரி தலையாணி உறைய மாட்டி அனுப்புன்னா. போகும்போதும் வரும்போதும் அந்தத் தலைய எட்டிப் பாத்து, "நேத்தைக்கு இன்னைக்கு சாஸ்தி"ன்னு மழை அளவு சொல்றாப்புல சொல்லிக்கிட்டாங்க. எல்லாரும் தலையத்தான் பாத்தாங்க. வாயப் பாக்கணும்னு ஒரு நாதிக்கும் தோணல.

வெள்ளத்தாயியும்தான் என்ன, அவளும் அந்த ஊருக்காரிதானே. தெனம் சாயங்காலம் பிள்ளைய முழங்காலுக்கு நடுவுல ஒக்கார வச்சு, கொட்டாய் ஊசியக் கொண்டாந்து, கொட்டாய் முடிய இழுக்குற இழுப்பே இழுத்தா. மூட்டையில வர்ற முடிக்கு அடியில தலை கெடையாது, இழுத்தா கத்தாது. அந்தப் பழக்கத்துல கை போச்சு. "அ... அ..."ன்னு பிள்ளை ஆரம்பிக்கும். "அம்மா வலிக்குது, அதானே? வலிக்கத்தான் செய்யும், ஆடாத." பிள்ளை கண்ணுல தண்ணி நிக்கும், வாயி மூடிக்கும். ராவெல்லாம் பொரண்டு படுக்கும்போது காயி நசுங்கி, தலையாணிக்குள்ள இருந்து வகுப்பே பேசும்.

ஒரு திங்கக்கிழமை ஹெட்மாஸ்டர் தனுஷ்கோடி சார் ஆத்தாளையும் மகளையும் கூப்பிட்டு விட்டாரு. வெல்லத்துல ஊறப் போட்ட கொரலு அவருக்கு. "வாங்கம்மா, ஒக்காருங்க. பாப்பா, ஒன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது." அது சொல்லி முடிக்கவும் நெத்திக்கு மேல பொட்டுன்னு ஒண்ணு ஒட்டுச்சு. அவரு கவனிக்கல. "மத்த பிள்ளைகளுக்குக் குத்துதுங்கறாங்க. வெள்ளிக்கிழமை ஒரு மொட்டையப் போட்டுருங்க. முடியே இல்லேன்னா முள்ளு எங்க ஒட்டும்? இல்லாட்டி பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேணாம்."

வெள்ளத்தாயி மக பக்கம் திரும்புனா. "என்னடி சொல்ற?"

ரூபிகா ரெண்டு கையாலயும் சடையப் பிடிச்சுக்கிட்டா. முள்ளு உள்ளங்கையில ஏறுச்சு. "நா... நா... நா..."

கொட்டாய்க்கு நேரமாச்சு. வெள்ளத்தாயி முடிச்சு வச்சா: "நான் மொட்டை போட்டுக்கறேன், அதானே? சரிங்க சார்."

"தங்கமான பிள்ளை"ன்னாரு சாரு.

பிள்ளை தலையாட்டுச்சு, மாட்டேன்னுதான் ஆட்டுச்சு, அதையும் சரின்னு எடுத்துக்கிட்டாங்க. அவசரத்துல இருக்கவங்களுக்கு எந்தப் பக்கம் தலை ஆடுனாலும் ஒண்ணுதான். ஊருக்கு ஒரே சந்தோசம். வெள்ளி காலைல முடிவெட்டுற பெரியசாமி கத்தியத் தீட்டிட்டு வாறேன்னான். மொட்டை போட்டுட்டா பிரச்சினை தீந்துச்சு பாருன்னு, தலைவலிக்குக் கழுத்த வெட்டச் சொல்ற ஊரு கூடி முடிவு பண்ணுச்சு.

புதன்கிழமை சாயங்காலம் ரூபிகா வீட்டுச் சாவி வாங்கக் கொட்டாய்க்கு வந்தா. கட்டு கட்டியிருக்க முடிய அளக்குற குச்சியோட அன்னக்கொடி நின்னா. முடிய அளந்து அளந்து அவளுக்கு மனுசர் முகம் கண்ணுல படுறதே இல்ல. "வாடி ஊமைக்கோட்டான், திரும்பு. வெள்ளிக்கிழமை மண்ணுல விழுகுறதுக்கு முன்னாடி அளந்துக்கறேன்"னு சொல்லி குச்சிய முதுகுல வச்சா. எல்லாரு கண்ணு முன்னாடியும் 'ஊமைக்கோட்டான்' பறந்து போயி தோளுக்கு மேல ஒட்டுச்சு.

மேஸ்திரிகிட்ட யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. ஆனா எதுக்கும் ஒரு நாளு இருக்குல்ல. வெள்ளத்தாயி மடியில இருந்த முடிய ஒதறிட்டு எந்திரிச்சு அன்னக்கொடி மணிக்கட்டப் பிடிச்சா.

"மதினி, நீங்க போட்டது. நீங்களே எடுங்க."

"கைய விடுடி. பைத்தியம் பிடிச்சிருச்சா?"

"எடுங்க மதினி. எடுத்துட்டுப் போயி அளங்க."

எம்பது ஊசியும் நின்னு போச்சு. அன்னக்கொடி முகத்தச் சுளிச்சுக்கிட்டு, சாக்கடையில விழுந்த காச எடுக்கறாப்புல ரெண்டு விரலால எடுத்தா. வெண்ணெயில இருந்து முடி வர்றாப்புல வழுக்கிக்கிட்டு வந்துச்சு. ரூபிகா கண்ணு சிமிட்டல. வெள்ளத்தாயி அத வாங்கி நசுக்கிப் பாத்தா. காயி பேசல. வெறும் காயி.

வியாழக்கிழமை காலைல மொத வேலையா அந்த எடத்தத் தடவிப் பாத்தா. வழவழன்னு இருந்துச்சு. ஒண்ணு ரெண்டாகல. வெள்ளத்தாயி அடுப்புல பாலு பொங்குறது கூடத் தெரியாம ஒக்காந்துட்டா. சிக்கு எடுக்குறவளுக்கு ஒரு நுனி கெடச்சாப் போதும்.

அன்னைக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டம். வழக்கமா வந்து மிச்சரும் டீயும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போற கூட்டம். வெள்ளத்தாயி மகளக் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு நடுவுல வந்து ஸ்டூலப் போட்டு ஒக்கார வச்சா. இடுப்புல இருந்து கொட்டாய் ஊசிய உருவுனா.

"நாளைக்கு எம்பிள்ளைக்கு மொட்டை. அதுக்கு முன்னாடி அவங்கவங்க சாமானை அவங்கவங்க எடுத்துட்டுப் போயிருங்க. அடுத்தவக பொருளு எங்களுக்கு வேணாம்."

மொத காய ஊசி நுனியால நசுக்குனா. "ஏ டப்பா ரேடியோ"ன்னு ஒரு பயலோட கொரலு. அவனோட ஆத்தா பொசுக்குன்னு எந்திரிச்சா: "எம்பிள்ளை அப்படிப் பேசாது! அவனுக்கு வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாது!" அடுத்த காய நசுக்குனா, அதே பய: "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க, பொணமே?" கூட்டத்துல ஒருத்தி சிரிச்சுட்டா. ஏன்னா 'வாயில கொழுக்கட்டையா'ங்கறது அந்த ஆத்தா தன் புருசனத் தெனமும் கேக்குறது. தெருவுக்கே தெரியும். ஆத்தா ஒக்காந்துட்டா. பய எந்திரிச்சு வந்தான்.

அப்புறம் வரிசை நின்னுச்சு. ரேசன் கடையில கூட அப்படி ஒழுங்கா நின்னதில்ல. ஒவ்வொண்ணா நசுக்க, ஒவ்வொண்ணா பேச, ஒவ்வொருத்தரா தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்து எடுத்தாங்க. பஸ் கண்டக்டர் தன் மகனுக்குக் கையெழுத்துப் போட வந்தவரு, 'முள்ளம்பன்னி'ய எடுத்து காக்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு. நர்சம்மாவும் மகளுக்குக் கையெழுத்துப் போடத்தான் வந்துச்சு, தன்னோடத எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிச்சு. டீச்சருக்கு ஒண்ணு இருந்துச்சு, அது பேசல, வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சுச்சு. எடுத்துக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்னாங்க. தர்ஷிகாவுக்கு எழுபத்தி மூணு. மொத பத்த வெடுக் வெடுக்குன்னு எடுத்தா. இருபதுக்கு மேல வெரலு செவந்துச்சு, நாப்பதுல மூக்கு உறிஞ்சுனா, அறுபதுல அழுகையே வந்துருச்சு. "போதும், மீதிய நாளைக்கு எடுக்கறேன்"னா. ரூபிகா திரும்பி அவ முகத்தப் பாத்துட்டு, மறுபடியும் முன்னாடி திரும்பி, தலையக் கொஞ்சம் பின்னுக்குச் சாச்சுக் குடுத்தா. எடுன்னு அர்த்தம். ஆறுதல் சொல்லல. எதுக்குச் சொல்லணும்?

நெத்திக்கு மேல இருந்தது பேசுனதும் எல்லாரும் ஹெட்மாஸ்டரப் பாத்தாங்க. "ஒன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்... நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருந்தா..."

"நான் திட்டலையேம்மா!"ன்னாரு தனுஷ்கோடி சார், உண்மையாவே ஆச்சரியப்பட்டு.

"ஒட்டியிருக்கே சார்."

"இதெல்லாம் ஃபைல்ல பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு ஃபைலத் தேடப் போயிட்டாரு.

சாரு போட்டது போக தலை கிட்டத்தட்ட வெறுமையாயிருச்சு. வெள்ளத்தாயிக்கு நெஞ்சு நிமிந்திருச்சு. இத்தனை வருசம் வாயால ஜெயிச்சவ, இன்னைக்கு மத்தவுக வாய வச்சே ஜெயிச்சா. பின்னங்கழுத்துல முடியத் தூக்குனா. அங்க ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. கறுத்து, காஞ்சு, சுத்தி முடி வளந்து மூடுன காயி. தெனமும் சீப்பு அதத் தாண்டித்தான் ஏறி எறங்கும். மருவுன்னு நெனச்சு விட்டுருந்தா. இப்ப ஊசி நுனியில அதுவும் முள்ளு முள்ளாத் தட்டுச்சு.

"இந்தா, கடைசி. அடியில போயி ஒளிஞ்சிருக்கு. இது எந்த நாயோட வாயின்னு எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க"ன்னு நசுக்குனா.

ஒரு பொம்பளைக் கொரலு. வேகமான கொரலு. "வாயத் தொறக்காத, மானம் போகுது. சொல்லத் தெரியாட்டி மூடிக்கிட்டுக் கெட, சனியனே."

அது யாரு கொரலுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அப்புறம் அன்னக்கொடி சிரிச்சா. அவ சிரிக்கவும் பின்னால இருந்தவ சிரிச்சா, ஊரே சிரிச்சுச்சு. இந்தத் தடவை ரூபிகாவப் பாத்து இல்ல.

வெள்ளத்தாயிக்கு அந்த நாளு ஞாபகம் வந்துச்சு. பிள்ளைக்கு நாலு வயசு. புருசன் வீட்டு வகையில ஒரு கல்யாணம். பட்டுச்சேலைக்காரி ஒருத்தி குனிஞ்சு, "ஒம் பேரு என்ன?"ன்னு கேட்டா. "ரூ... ரூ... ரூ..." சுத்தி நின்னவுக ஒருத்தர ஒருத்தர் பாத்தாக. இவ பிள்ளைய இழுத்துக்கிட்டு பந்தல் மறைவுக்குப் போயி, காதுக்கிட்ட சொன்னா. மெதுவாத்தான் சொன்னா. ஆடி மாசத்துச் செவ்வாக்கிழமைக்கு எட்டு வருசம் முன்னாடி, எந்த டீச்சரும் எந்த கண்டக்டரும் பாக்காத நேரத்துல, மொத காயி ஒட்டிருச்சு. மத்ததெல்லாம் அது போட்டு வச்ச எடத்துக்கு வந்ததுதான்.

இப்ப ஊசியக் கீழ போட்டா. ஊரு பாத்துக்கிட்டு இருக்கு, சீக்கிரம் எடுத்துட்டுப் போயிரணும், காய அடியோட சேத்துப் பிடிச்சு ஒரே இழுப்பு. ரூபிகா பின்னுக்குக் கைய வளைச்சு ஆத்தா மணிக்கட்டப் பிடிச்சா.

"வே... வே... வே..."

வெள்ளத்தாயி நாக்குல அஞ்சாறு சொல்லு வரிசையா வந்து நின்னுச்சு. வேணாம், அதானே? வேற யாராச்சும் எடுக்கட்டும், அதானே? வேடிக்கை பாக்குறாங்க, வீட்டுக்குப் போவோம், அதானே? ஒவ்வொண்ணும் பல்லுக்கிட்ட வந்து முட்டுச்சு. ஒதட்டக் கடிச்சுக்கிட்டா.

பெல்லு அடிச்சுச்சு. பயலுக பைய மாட்டுனானுக. மிச்சர் தட்டெல்லாம் எடுத்து அடுக்குனாங்க. எருக்கலாம்பட்டி பஸ்ஸு கேட்டுக்கு வெளிய ரெண்டு தரம் ஆரன் அடிச்சுட்டுப் போயிருச்சு. அன்னக்கொடி, "என்னதான் சொல்ல வாறா?"ன்னா. வெள்ளத்தாயி மக பக்கம் குனிஞ்சு நின்னுக்கிட்டே இருந்தா.

"வே... வேரைப் பிடிச்சு இழுக்காத"ன்னா ரூபிகா. "நு... நுனியில இருந்து எடு."

அது ஆத்தா நாக்குல நின்ன அஞ்சாறுல ஒண்ணு கூட இல்ல.

வெள்ளத்தாயி தரையில ஒக்காந்தா. மகள ஸ்டூல்ல இருந்து எறக்கி முன்னாடி ஒக்கார வச்சா. காயச் சுத்தி எட்டு வருசமா வளந்த முடிய நுனியில இருந்து, ஒவ்வொரு எழையா, கொட்டாயில எந்தக் கட்டுக்கும் பண்ணாத பொறுமையோட பிரிக்க ஆரம்பிச்சா. ஊரு கொஞ்ச நேரம் நின்னு பாத்துச்சு. சண்டையும் இல்ல, சிரிப்பும் இல்லேன்னதும் அலுத்துப் போயி கலைஞ்சுருச்சு. பாதி பிரிச்சிருப்பா, அப்ப ரூபிகா மறுபடியும் ஆரம்பிச்சா.

"அ... அன்னைக்கு... நா... நா..."

"ம்"ன்னா வெள்ளத்தாயி.

"நா... நான் மாட்டேன்னு சொல்ல வந்தேன்."

திங்கக்கிழமை கெளம்புன வாக்கியம் வியாழக்கிழமை சாயங்காலம் வந்து சேந்துச்சு. மறுநாளு கத்தியத் தீட்டிக்கிட்டு வந்த பெரியசாமிய வெள்ளத்தாயி வாசல்லயே திருப்பி அனுப்பிட்டா. ஹெட்மாஸ்டர் இன்னும் ஃபைலத் தேடிக்கிட்டுத்தான் இருக்காரு. அவரு போட்ட ஒத்த முள்ளு மட்டும்தான் மிச்சம், ரூபிகா நெத்திக்கு மேல இருக்கு. தெனமும் காலைல பள்ளிக்கூடம் போனதும், அவரு ரூம்பு வாசல்ல ரெட்டச் சடையோட வந்து நின்னு, தலையக் குனிஞ்சு அவருகிட்ட நீட்டுறா. பிள்ளைக்கு அவசரம் இல்ல.